எடைமேடை அறையில் எந்த மொழி ஓடும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வரும் கணினி கேள்வி-பதில் பகுதியைத் தொடர்ந்து படிப்பவள் நான். சென்ற வாரம் திருச்செங்கோட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவர், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடுகிற டெஸ்க்டாப் மென்பொருள் எழுத எந்த நிரல்மொழியை எடுக்கலாம் என்று கேட்டிருந்தார். பதில் நான்கே வரி. ஜாவாஸ்கிரிப்ட் படியுங்கள், வலைப்பக்க நிரலையே டெஸ்க்டாப் மென்பொருளாக்கும் எலக்ட்ரான் என்ற கருவியில் செய்யுங்கள், எப்படியும் டெஸ்க்டாப் மென்பொருளின் காலம் முடிந்துவிட்டது, இனி எல்லாம் பிரவுசருக்குள்தான் என்று முடித்துவிட்டார்கள். பதில் எழுதியவர் அந்தத் தம்பியிடம் திருப்பி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. யாருக்காக எழுதப்போகிறாய், அவர்கள் மேசையில் என்ன மெஷின் இருக்கிறது, அதில் என்னவெல்லாம் சொருகியிருக்கிறது என்று கேட்டிருந்தால் பதிலே வேறு மாதிரி போயிருக்கும்.

நாமக்கல்லில் எடைமேடைகளுக்கு மென்பொருள் எழுதிக்கொடுப்பது என் தொழில். கோழித்தீவன ஆலை, சேகோ ஆலை, அரிசி ஆலை, கல்குவாரி இவர்கள்தான் வாடிக்கையாளர்கள். மக்காச்சோளம் ஏற்றிய லாரி மேடைமேல் ஏறி நின்றதும், அடியில் இருக்கும் லோடு செல்கள் எடையை உணர்ந்து இண்டிகேட்டர் பெட்டிக்கு அனுப்பும். பெட்டியிலிருந்து ஒரு சீரியல் வயர் கம்ப்யூட்டருக்கு வரும். அந்த வயரில் எடை எண் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். என் மென்பொருள் அதை வாங்கி, வண்டி எண், சரக்கு, பார்ட்டி பெயர் சேர்த்துப் பதிவு செய்யும். சரக்கை இறக்கிவிட்டுக் காலி வண்டி மறுபடி ஏறும்போது அந்த எடையைக் கழித்து நிகர எடை போட்டு, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் மூன்று பிரதி சீட்டு அடிக்கும். பெரிய விஞ்ஞானம் ஒன்றும் கிடையாது. ஆனால் அந்தச் சீட்டை வைத்துத்தான் பணம் கைமாறுகிறது. சேகோ ஆலையில் மரவள்ளிக் கிழங்குக்கு எடையோடு மாவுச்சத்துப் பாயிண்டும் பார்த்து விலை போடுவார்கள். அங்கே சீட்டில் தகராறு வந்தால் விவசாயி, தரகர், மேனேஜர் மூவரும் என் போனுக்குத்தான் வருவார்கள்.

இந்தத் தொழிலில் நெடுநாள் ராஜா விஷுவல் பேசிக் 6. 1998-ல் வந்தது. ஃபார்மில் பட்டனை இழுத்துப் போட்டு, எம்எஸ்காம் என்ற கண்ட்ரோலையும் வைத்துவிட்டால் சீரியல் போர்ட் பேச ஆரம்பித்துவிடும். தரவுக்கு ஆக்சஸ் கோப்பு. அந்த மொழிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008-ல் நிறுத்திவிட்டது. இன்றைக்கும் எத்தனையோ மேடைகளில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கும் ஆதரவு முடிந்த பிறகுதான் ஓனர்களுக்கு உறைத்தது. விண்டோஸ் 11 ஏற்ற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், பிராசசரும் ஓரளவு புதிதாக இருக்க வேண்டும். எடைமேடை அறையில் தூசி தின்றுகொண்டிருக்கும் மெஷினில் அது நடக்காது. சிலர் புது மெஷின் வாங்கினார்கள். சிலர் பழைய மெஷினிலேயே லினக்ஸ் மின்ட் போட்டுவிட்டு, "ஏனுங்க அம்மிணி, உங்க சாஃப்ட்வேர் இதுலயும் ஓடுமுங்களா?" என்றார்கள். ஒரு தீவன ஆலை ஓனரின் மகனுக்கு அன்றாடக் கணக்கைத் தன் மேக்புக்கில் பார்க்க வேண்டுமாம். திருச்செங்கோட்டுத் தம்பி கேட்ட கேள்வி என் வாசலுக்கு வந்தது இப்படித்தான்.

முதலில் அந்தப் பிரவுசர் வாதம். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 2021-ல் வந்த குரோம் 89-ஆம் பதிப்பிலிருந்து வலைப்பக்கமே சீரியல் போர்ட்டோடு பேச வழி கிடைத்திருக்கிறது. எட்ஜிலும் அது உண்டு, ஆப்பிளின் சஃபாரி அதைத் தரவில்லை. சரி, எல்லோரையும் குரோம் போடச் சொல்லிவிடலாம். ஆனால் பைபாஸ் ஓரத்து மேடையில் நெட் போய்விட்டால் லாரிகள் ரோடு வரை வரிசை கட்டிவிடும். எடை போட நெட் எதற்கு என்று கேட்கிற ஓட்டுநருக்கு என்ன பதில் சொல்வது? நெட் இல்லாமலும் ஓடும்படி வலைப்பக்கத்தைச் செய்ய முடியும்தான். அப்புறம் ஒரு நாள் யாரோ ஒரு பையன் பிரவுசர் மெதுவாக ஓடுகிறது என்று ஹிஸ்டரியையும் சேமிப்பையும் சேர்த்து அழிப்பான், அன்றைய பதிவு அத்தனையும் அதோடு போகும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு நேரடியாகக் கட்டளை அனுப்புவதும் பிரவுசருக்குள்ளிருந்து தலைவலி பிடித்த வேலை. அலுவலகக் கணக்குக்கு, கடைத் தலைமையகத்துக்கு வலை நன்றாகவே பொருந்தும். மேடை அறைக்கு டெஸ்க்டாப் மென்பொருள்தான் சரி.

எலக்ட்ரானை நான் ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. கிட்ஹப் நிறுவனம் ஆட்டம் என்ற எடிட்டருக்காக 2013-ல் செய்தது அது. முதலில் ஆட்டம் ஷெல் என்று பெயர், 2015-ல் எலக்ட்ரான் ஆயிற்று. ஆட்டம் 2022-ல் மூடப்பட்டுவிட்டது, அதற்காகச் செய்த கருவி நிலைத்துவிட்டது. விஎஸ் கோட், ஸ்லாக், டிஸ்கார்ட் எல்லாம் அதில் ஆனவை. உள்ளே குரோமியம் பிரவுசரும், ஜாவாஸ்கிரிப்டைப் பிரவுசருக்கு வெளியே ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸும் முழுசாக இருப்பதால் மூன்று தளத்திலும் ஒரே தோற்றம் வரும், தமிழ் எழுத்தும் பிசகாமல் வரும். இண்டிகேட்டர் வயரைப் படிக்கவும் அதற்கு லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல்தொகுப்பு, இருக்கிறது. ஆனால் நான்கு கட்டங்கள் உள்ள ஒரு படிவத்தைக் காட்ட 100 எம்பிக்கு மேல் டிஸ்கில் இறங்குகிறது, நினைவகமும் அதற்கேற்ப வேண்டும். ஒரு மூட்டைத் தவிட்டுக்குப் பத்துச் சக்கர லாரி பிடிப்பது போல. 8 ஜிபி நினைவகம் உள்ள மெஷினில் இதை யாரும் கவனிக்கப்போவதில்லை. 2 ஜிபி மெஷினில் கவனிக்காமல் இருக்க முடியாது.

பழைய மெஷின் என்றதும் இன்னொன்று. எங்கள் பக்கம் விண்டோஸ் 7 இன்னும் சாகவில்லை. நெட்டோடு இணைக்காமல், எடை போடுவதற்கு மட்டும் வைத்திருக்கும் மெஷின்கள் அவை. 2023-ல் வந்த எலக்ட்ரான் 23-லிருந்து விண்டோஸ் 7-க்கும் 8-க்கும் இடமில்லை. பைத்தானில் 3.8-தான் விண்டோஸ் 7-ல் ஓடும் கடைசி வரிசை, 3.9-லிருந்து ஓடாது. கோ மொழியில் 1.20 கடைசி. ரஸ்ட் 2024-ல் 1.78-லிருந்து குறைந்தது விண்டோஸ் 10 வேண்டும் என்றது. ஜன்னல், பட்டன் எல்லாம் திரையில் வரைந்து தரும் கியூட் (Qt) லைப்ரரியின் 6-ஆம் பதிப்பும் அப்படியே. விண்டோஸ் 7 வேண்டுமென்றால் 5.15-ல் நிற்க வேண்டும். இதில் அந்த மொழிக்காரர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, செத்த இயங்குதளத்தை எத்தனை நாள் சுமப்பார்கள்? ஆனால் மொழியைத் தேர்ந்தெடுக்கிறவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாக வேண்டும். மொழிகளை ஒப்பிட்டு வரும் கட்டுரைகளில் வேகம், சம்பளம், வேலைவாய்ப்பு எல்லாம் இருக்கும். எந்த விண்டோஸ் வரை கீழே இறங்கும் என்ற பத்தி மட்டும் இருக்காது.

இனி தமிழுக்கு வருகிறேன், நம் ஊர்க்காரர்களுக்கு இதுதான் முதல் பரீட்சை. எந்த மொழியை, எந்த லைப்ரரியை எடுத்தாலும் நான் முதலில் திரையில் அடித்துப் பார்க்கும் வார்த்தை பொம்மைக்குட்டைமேடு. நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் வழியில் இருக்கிற ஊர். ஒற்றைக்கொம்பு, கால், இணைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இரட்டித்த மெய்கள் என்று வேண்டிய வில்லங்கம் அத்தனையும் அந்த ஒரு பெயரிலேயே இருக்கிறது. பைத்தானோடு இலவசமாகவே வரும் திரை லைப்ரரியான டிகின்டரில் ஒரு சின்ன ஜன்னல் திறந்து இதை எழுதுங்கள். விண்டோஸில் ஒழுங்காக வரும். அதே நிரலை ஒரு வரிகூட மாற்றாமல் உபுண்டுவில் ஓட்டுங்கள். கொம்புகள் எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டியவை பின்னால் போய் நிற்கும், ஊர்ப்பெயர் வாசிக்க முடியாமல் போகும்.

காரணம் இதுதான். யூனிகோடில் 'மே' என்பது முதலில் மகரம், பிறகு இரட்டைக்கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவந்து வைக்கிற வேலையை யாராவது செய்ய வேண்டும். விண்டோஸில் அதை இயங்குதளமே செய்து கொடுக்கிறது. லினக்ஸில் பெரும்பாலும் ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரி செய்கிறது. ஃபயர்ஃபாக்ஸ், குரோம், லிப்ரே ஆபீஸ், ஆண்ட்ராய்டு போன் எல்லாவற்றிலும் தமிழ் சரியாக வருவது அதன் புண்ணியம். கியூட்டும் அதைத்தான் பயன்படுத்துகிறது. ஜாவா 2017-ல் வந்த 9-ஆம் பதிப்பிலிருந்து அதற்கு மாறியது. டிகின்டருக்கு அடியில் ஓடுவது டிகே; லினக்ஸில் பரவலாக இருக்கும் அதன் 8.6-ஆம் பதிப்பு ஹார்ஃப்பஸ் துணை இல்லாமல் எழுத்தை ஒவ்வொன்றாக அப்படியே வைத்துவிடுகிறது. ஆக, பைத்தானில் தமிழ் வரும் என்பதும் உண்மை, வராது என்பதும் உண்மை. அதே பைத்தானில் டிகின்டரை விட்டுவிட்டுக் கியூட்டை எடுத்தால் பொம்மைக்குட்டைமேடு உபுண்டுவிலும் நேராக நிற்கும். உங்கள் பகுதிக்கு எழுதுகிற மாணவர்கள் மொழியின் பெயரைக் கேட்கிறார்கள். திரையை வரைகிற லைப்ரரியின் பெயரைக் கேட்க வைப்பதுதான் பதில் சொல்கிறவரின் வேலை.

எழுத்து சரியாக வந்துவிட்டால் போதுமா என்றால், அகரவரிசை இருக்கிறது. ஊர்களையும் பார்ட்டிகளையும் வரிசைப்படுத்தச் சொன்னால், பெரும்பாலான மொழிகள் யூனிகோடு எண் வரிசையில் அடுக்கிவிடும். அதில் நகரத்துக்கு அடுத்த எண்ணே னகரத்துக்கு. ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னால் வந்து உட்காரும். ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று மனப்பாடம் செய்த கணக்குப்பிள்ளை பட்டியலில் தேடினால் பெயர் கிடைக்காது. ஐசியூ என்ற லைப்ரரியில் தமிழ் வரிசை இருக்கிறது, அதை இணைக்கலாம். சின்ன மென்பொருளுக்கு நாமே ஓர் அட்டவணை எழுதிக்கொண்டாலும் சரிதான். தேடலிலும் ஒரு சூட்சுமம் உண்டு: 'பொ'வில் பகரத்தோடு சேரும் குறியை ஒன்றாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. உள்ளே வாங்கும்போதே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

நான் எதில் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். லாசரஸில். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். பாஸ்கல் மொழிதான், ஆனால் எழுபதுகளின் பாஸ்கல் இல்லை. புளோரியன் கிளாம்ப்ஃபல் என்ற ஜெர்மானியர் 1993-ல் மாணவராக இருந்தபோது ஆரம்பித்த, நிரலை இயங்கு கோப்பாக்கும் ஃப்ரீ பாஸ்கல் கம்பைலரும், அதன்மேல் 1999-லிருந்து வளர்ந்த லாசரஸ் என்ற ஃபார்ம் வரையும் கருவியும். விஷுவல் பேசிக்கிலிருந்து வருகிறவர்களுக்கு வீடு மாறிய உணர்வே இருக்காது. பட்டனை இழுத்துப் போடலாம், இரட்டைச் சொடுக்கு, நிரல் எழுதலாம். விண்டோஸில் விண்டோஸின் பட்டன், மேக்கில் மேக்கின் பட்டன், லினக்ஸில் ஜிடிகே என்ற திரை லைப்ரரி அல்லது கியூட். கடைசியில் கிடைப்பது ஒரே ஒரு இயங்கு கோப்பு, சில எம்பிதான், விண்டோஸில் அதோடு வேறு எதையும் நிறுவ வேண்டியதில்லை. விண்டோஸ் 7-ல் காப்பி செய்து வைத்துச் சொடுக்கினால் ஓடும். சீரியல் வேலைக்கு சினாசர் என்ற லைப்ரரி. பீசிப், டபுள் கமாண்டர் போன்ற பலரும் பயன்படுத்தும் மென்பொருள்கள் லாசரஸில் எழுதப்பட்டவைதான்.

குறை இருக்கிறது, நிறையவே. லினக்ஸில் அது வழக்கமாக எடுக்கும் ஜிடிகே 2-க்கு, 2020-ல் ஜிடிகே 4 வந்ததோடு ஆதரவு முடிந்துவிட்டது. அதனால் நான் லினக்ஸுக்குக் கியூட் வழியைத் தேர்ந்து கம்பைல் செய்கிறேன், அதற்கு ஓர் அமைப்பை மாற்ற வேண்டும், கியூட்டோடு பேசும் ஒரு சின்ன லைப்ரரியையும் கூட வைக்க வேண்டும். பெரிய குறை வேறு: பாஸ்கல் தெரிந்த ஆள் கிடைக்க மாட்டார். என்னிடம் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நானே உட்கார்ந்து சொல்லித்தர வேண்டியிருக்கிறது. சொல்லித்தந்தால் பிடித்துக்கொள்கிறார்கள், ஆனால் "இதை ரெஸ்யூமில் போட்டால் யாருக்குக்கா புரியும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

அதனால் திருச்செங்கோட்டுத் தம்பிக்கு நான் லாசரஸைச் சொல்ல மாட்டேன். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்திருந்தால் பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் படித்திருப்பார். எழுதப்போகும் மெஷின்கள் விண்டோஸ் 10-க்குக் கீழே இல்லையென்றால், பைத்தானையே எடுத்துக்கொண்டு அதன்மேல் கியூட்டைப் போடட்டும். ஹாவர்ட் நோர்ட், ஐரிக் சாம்பே-எங் என்ற இரண்டு நார்வேக்காரர்கள் தொண்ணூறுகளில் தொடங்கியது கியூட். நோக்கியா கைக்குப் போய், அங்கிருந்தும் கைமாறி, இன்னும் திடமாக இருக்கிறது. விஎல்சி பிளேயரின் விண்டோஸ், லினக்ஸ் திரையும் டெலிகிராமின் டெஸ்க்டாப் செயலியும் அதில் எழுதியவை. சீரியல் போர்ட்டுக்குக் கியூட்டுக்குள்ளேயே ஒரு பகுதி உண்டு, இல்லாவிட்டால் பைசீரியல் என்ற பைத்தான் லைப்ரரி. நாளைக்கு இந்தத் தம்பி பெங்களூருக்குப் போய்விட்டாலும், அந்த நிரலைத் திறந்து படிக்க அதே ஊரில் இன்னொரு பிள்ளை கிடைக்கும். இரண்டு மூன்று வருடம் கழித்து ஜிஎஸ்டி விகிதம் மாறும்போதோ, பிரிண்டர் மாறும்போதோ இதன் அருமை தெரியும்.

ஒரு எச்சரிக்கை, லைசென்ஸ் பற்றி. பைத்தானிலிருந்து கியூட்டைத் தொட பைகியூட், பைசைடு என்று இரண்டு பாலங்கள் இருக்கின்றன. பார்க்க இரட்டைப்பிள்ளைகள் மாதிரி இருக்கும், நிரலும் ஏறக்குறைய ஒன்றுதான். பைகியூட் ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. அதை வைத்துச் செய்த மென்பொருளை விற்றால், வாங்கியவருக்கு மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும், அல்லது பணம் கட்டி வணிக உரிமம் வாங்க வேண்டும். பைசைடு அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல் உரிமத்திலும் கிடைக்கிறது. அதன் நிபந்தனைகளை மதித்து நடந்தால் நம் நிரலை நாமே வைத்துக்கொண்டு விற்கலாம். யூடியூப் பாடங்களில் பாதி பைகியூட்டில்தான் இருக்கின்றன, உரிமத்தைப் பற்றி மூச்சுவிட மாட்டார்கள்.

மற்ற மொழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜாவா தெரிந்த கூட்டம் ஒன்று கையில் இருந்தால் ஜாவாவே தாராளம். எந்தத் தளத்திலும் ஓடும் என்ற இந்த ஒரு காரியத்துக்காகவே 1995-லிருந்து பேர் வாங்கிய மொழி. வருமான வரிப் படிவம் நிரப்பும் கருவியை அந்தத் துறை சில ஆண்டுகளுக்கு முன்பு வரை எக்செலிலும் ஜாவாவிலும் கொடுத்துவந்தது ஆடிட்டர் அலுவலகங்களுக்கு நினைவிருக்கும். முன்பெல்லாம் வாடிக்கையாளர் மெஷினில் ஜாவாவைத் தனியே நிறுவ வேண்டும். இப்போது ஜேபேக்கேஜ் என்ற கருவி, ஓட்டுவதற்கு வேண்டிய ஜாவாவையும் சேர்த்தே நிறுவல் கோப்பாகக் கட்டிக்கொடுக்கிறது. சி ஷார்ப் பிடித்தவர்கள் கவனிக்க: திரை வரைய மைக்ரோசாஃப்ட் தரும் மாவியில் லினக்ஸுக்கு அதன் ஆதரவு இல்லை, அவலோனியா என்ற வேறொரு லைப்ரரி லினக்ஸுக்கும் வரும். போன் செயலியும் வேண்டும் என்றால் கூகுளின் ஃபிளட்டர் கருவியைப் பார்க்கலாம், 2022-ல் அது மூன்று டெஸ்க்டாப்புக்கும் முழுமையாக வந்துவிட்டது. ரஸ்டில் டாவ்ரி என்ற கருவி இருக்கிறது. எலக்ட்ரான் மாதிரியே வலைப்பக்கத்தால் திரை, ஆனால் பிரவுசரைத் தன்னோடு சுமக்காமல் மெஷினில் இருப்பதையே எடுத்துக்கொள்ளும், அதனால் மிகச் சின்னது. தளத்துக்குத் தளம் பிரவுசர் பாகம் வேறுபடும் என்பதால் மூன்றிலும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

எந்த மொழியை எடுத்தாலும் சில தொல்லைகள் பொது. விண்டோஸில் COM3 என்பது லினக்ஸில் /dev/ttyUSB0 போன்ற பெயரில் வரும்; உபுண்டுவில் அந்தப் பயனரை டயல்அவுட் என்ற குழுவில் சேர்க்காவிட்டால் போர்ட் திறக்கவே திறக்காது. விண்டோஸில் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது, லினக்ஸ் பார்க்கும். புதிய உபுண்டுவில் கட்டிய கோப்பு பழைய உபுண்டுவில் ஓடாமல் போகலாம், அதனால் இருப்பதிலேயே பழைய லினக்ஸில் கட்ட வேண்டும். பைத்தான் நிரலைக் கோப்பாக மாற்றும் பைஇன்ஸ்டாலர் எந்தத் தளத்தில் ஓடுகிறதோ அந்தத் தளத்துக்கு மட்டும்தான் கட்டும். சில ஆன்டிவைரஸ்கள் அந்தக் கோப்பைப் பார்த்து வீணாகப் பதறும். மேக்குக்கு 2019-ல் வந்த கேட்டலினாவிலிருந்து, ஆப்பிளிடம் காட்டி ஒப்புதல் முத்திரை வாங்காத செயலியைத் திறக்கப்போனால் மெஷின் பயமுறுத்துகிறது. அந்த முத்திரைக்கு வருடம் 99 டாலர் சந்தா. மேக் மெஷின் கைவசம் இல்லாதவர்கள், தன் மெஷின்களில் நம் நிரலை ஓட்டித்தரும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் என்ற இணையச் சேவையில் மூன்று தளத்துக்கும் கட்டிக்கொள்ளலாம், ஆனால் ஓட்டிப் பார்க்க நிஜ மேக் ஒன்றைக் கடன் வாங்கியே ஆக வேண்டும். என் விஷயத்தில் அந்தத் தீவன ஆலை மகனுடையதுதான்.

எடைமேடைக்கே உரிய ஒன்றும் உண்டு. வயர் கழன்றுவிட்டால் திரையில் கடைசியாக வந்த எண் அப்படியே நிற்கக் கூடாது. முந்தின லாரியின் எடையை அடுத்த லாரிக்குப் போட்டுவிடுவார்கள். ஒரு விநாடிக்குமேல் புது எண் வரவில்லையென்றால் திரையை வெறுமையாக்கிவிட வேண்டும். போர்ட்டைப் படிக்கும் வேலை தனி இழையில் (ஒரே நிரலுக்குள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் வேலைகளில் ஒன்று) நடக்க வேண்டும், திரையைத் தொடும் வேலை முதன்மை இழையில் நடக்க வேண்டும். இதற்கு நான் சொன்ன மொழிகள் எல்லாவற்றிலும் வழி இருக்கிறது, ஒரு பகுதி சேதி அனுப்ப இன்னொரு பகுதி வாங்கிக்கொள்ளும் கியூட்டின் சிக்னல்-ஸ்லாட் முறை இதில் எனக்கு மிகவும் பிடித்தது.

தரவை எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தில் வைக்கச் சொல்லுங்கள். ரிச்சர்ட் ஹிப் 2000-ல் வெளியிட்டது, யார் உரிமையும் இல்லாத பொதுச்சொத்து. ஒரே கோப்பு, விண்டோஸில் எழுதியதை மேக்கில் அப்படியே திறக்கலாம், பைத்தானில் எழுதியதைப் பாஸ்கலில் படிக்கலாம். அதைச் செய்பவர்கள் 2050 வரை ஆதரவு தரும் திட்டத்தோடு இருக்கிறார்கள். ஆக்சஸ் கோப்பில் மாட்டிக்கொண்ட பழைய எடைக் கணக்குகளை லினக்ஸுக்கு எடுத்துவர நான் படும் பாட்டைப் பார்த்தால், மொழியை இரண்டாவதாகவும் கோப்பை முதலாவதாகவும் முடிவு செய்வார்கள்.

கல்லூரிகளுக்கும் ஒரு வார்த்தை. சில ஆய்வகங்களில் இன்னமும், பழைய டாஸ் மென்பொருளை ஓட்டித்தரும் டாஸ்பாக்ஸுக்குள் டர்போ சி++ ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டாஸுக்காக வந்தது அது. அதே ஆய்வகத்தில் பாதி மெஷினில் உபுண்டு சும்மா இருக்கும். இரண்டாம் ஆண்டு புராஜெக்டுக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டால் போதும்: விண்டோஸிலும் உபுண்டுவிலும் ஓட வேண்டும், மாணவர் தன் பெயரையும் ஊரையும் தமிழில் அடித்து, சேமித்து, அகரவரிசையில் திருப்பிக் காட்ட வேண்டும். எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதட்டும்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், லைசென்ஸ் பற்றிய பத்தியை மட்டும் விட்டுவையுங்கள். அதைப் படிக்காமலே மென்பொருள் விற்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
எடைமேடை மென்பொருள் எழுதும் ஒரு வாசகி,
நாமக்கல்.